அமெரிக்கக் கல்லூரிகளின் முதலாண்டு எழுத்துப் பாடம்: ஏஐ எதை உடைத்தது, எதை உடைக்கவில்லை

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானதிலிருந்து அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான செய்திகள் வருகின்றன. வீட்டில் எழுதிவரும் கட்டுரைக்கு இனி மதிப்பில்லை என்கிறது ஒரு செய்தி. நீல அட்டை போட்ட தேர்வு நோட்டும் பேனாவும் வகுப்புக்குத் திரும்பிவிட்டன என்கிறது இன்னொன்று. சொந்தமாக எழுதிய மாணவர்மீதே ஏஐ பழி விழுந்தது என்று படிக்கிறோம். ஏஐயை வகுப்பிலேயே பயன்படுத்தச் சொல்லும் ஆசிரியர்களைப் பற்றியும் படிக்கிறோம்.

இந்தச் செய்திகளுக்கெல்லாம் நடுவில் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே அது ‘முதலாண்டு காம்போசிஷன்’. அதில் என்ன கற்பிக்கிறார்கள், எப்படிக் கற்பிக்கிறார்கள் என்று தெரிந்தால் ஏஐ எந்த இடத்தில் அடித்தது என்பது விளங்கும். அடி விழுந்தது ஏற்கெனவே பலவீனமாக இருந்த ஓரிடத்தில். அந்தப் பலவீனத்தை இந்தத் துறையே 50 ஆண்டுகளுக்கு முன்பு கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறது.

## இது எந்த வகைப் பாடம்?

நம் கலைக் கல்லூரிகளின் பகுதி-2 ஆங்கிலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மனப்பாடம் செய்ய வேண்டிய செய்யுள், சிறுகதை, பாட நூல் வினா-விடை எதுவும் இதில் இல்லை. பொறியியல் மாணவரும் செவிலியர் படிப்பு மாணவரும் வணிகவியல் மாணவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒன்று அல்லது இரண்டு செமஸ்டர் எழுதுகிறார்கள். ஒரு செமஸ்டரில் 3 முதல் 5 கட்டுரைகள். ஒவ்வொன்றையும் ஒருமுறைக்கு மேல் திருத்தி எழுத வேண்டும். வகுப்பில் 20, 25 பேர் இருப்பார்கள். மாணவர் எழுதும் பக்கங்கள்தான் பாடப்பொருள்.

இப்பாடம் இரண்டு பொருள்களைச் சேர்த்துத் தருகிறது. ஒன்று, ரெட்டரிக்: யாரிடம், எந்தச் சூழலில், எதற்காகப் பேசுகிறோம் என்று கணித்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் கலை. கிரேக்கத்தில் தொடங்கிய பழைய கல்வி இது. இன்னொன்று, எழுதும்போது மனிதர் உண்மையில் என்ன செய்கிறார் என்ற ஆராய்ச்சி. இதற்கு வயது 60 ஆண்டு சொச்சம்தான்.

## பிழை பிடிப்பதில் தொடங்கிய பாடம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிகளில் ரெட்டரிக் என்றால் மேடைப்பேச்சு. ஹார்வர்டில் இதற்கென்று நிறுவப்பட்ட பேராசிரியர் பதவியை 1806இல் முதலில் ஏற்றவர் ஜான் குவின்சி ஆடம்ஸ். பின்னாளில் நாட்டின் அதிபரானவர். அதே ஹார்வர்டு 1870களில் நுழைவுத்தேர்வில் ஆங்கிலக் கட்டுரையைச் சேர்த்தது. வந்து குவிந்த விடைத்தாள்களில் எழுத்துப்பிழையும் நிறுத்தக்குறிப் பிழையும் மலிந்திருந்ததைக் கண்டு நிர்வாகம் அதிர்ந்தது. 1885இல் முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டாய எழுத்துப் பாடம் வந்தது. மற்றக் கல்லூரிகளும் அதைப் பின்பற்றின.

பிழையைச் சரிசெய்யப் பிறந்த பாடம் என்பதால் மதிப்பீடும் பிழைக் கணக்காகவே நடந்தது. மாணவர் கட்டுரையைக் கொடுப்பார். ஆசிரியர் சிவப்பு மையால் கோடு போட்டு மதிப்பெண்ணோடு திருப்பித் தருவார். அதோடு அந்தக் கட்டுரையின் வேலை முடிந்தது. எழுதி முடித்த தாள் மட்டுமே ஆசிரியர் கண்ணில் படும். அந்தத் தாள் எப்படி உருவானது, யார் உதவியது, மாணவர் எங்கே தடுமாறினார் என்பது எதுவும் தெரியாது. இந்த ஏற்பாட்டைத்தான் இன்று ஏஐ உடைத்திருக்கிறது.

## கோட்பாடு ஒன்று: ரெட்டரிக்

வகுப்பில் அன்றாடம் புழங்கும் கருத்துகள் மூன்று.

1. ஏற்கவைக்கும் மூன்று வழிகள். அரிஸ்டாட்டில் வகுத்தவை: பேசுபவரின் நம்பகத்தன்மை (ஈதோஸ்), கேட்பவரின் உணர்ச்சி (பேதோஸ்), வாதத்தின் தர்க்கம் (லோகோஸ்). பல வகுப்புகளில் இது பெயர்ப்பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது. விளம்பரத்தைப் பார்த்து “இது பேதோஸ்” என்று மாணவர் குறித்துவிட்டு நின்றுவிடுகிறார். அந்த உணர்ச்சி அந்த வாசகரிடம் ஏன் எடுபடும், வேறொருவரிடம் ஏன் எடுபடாது என்று அடுத்த கேள்வி கேட்டால்தான் பயிற்சி தொடங்குகிறது.

2. ரெட்டரிக் சூழல். 1968இல் லாயிட் பிட்சர் முன்வைத்தது. எழுத்தைக் கோரும் ஒரு சிக்கல், அந்தச் சிக்கலை மாற்றக்கூடிய வாசகர், எழுதுபவரைக் கட்டுப்படுத்தும் வரம்புகள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே சூழல். ‘சுற்றுச்சூழல் மாசு பற்றி ஒரு கட்டுரை வரைக’ என்ற தலைப்பில் இவை மூன்றுமே இல்லை. அதனால்தான் அதற்கு வரும் விடைகள் எல்லாம் ஒரே கட்டுரைபோல் இருக்கின்றன.

3. டூல்மின் முறை. பிரிட்டிஷ் மெய்யியலாளர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் வாதத்தை ஆறு உறுப்புகளாகப் பிரித்தார். கல்லூரி வகுப்பில் மிக அதிகமாகப் பயன்படுவது இதுதான் என்பதால் ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

- கூற்று: கல்லூரி நூலகம் இரவு 2 மணி வரை திறந்திருக்க வேண்டும்.
- சான்று: மாலை வேலைக்குப் போகும் மாணவர்கள் வளாகத்துக்குத் திரும்பவே இரவு 9 மணி ஆகிறது.
- இணைப்பு விதி: கட்டணம் கட்டுபவருக்கு ஓய்வுள்ள நேரத்தில் வசதி கிடைக்க வேண்டும்.
- விதிக்கு ஆதாரம்: இதே காரணத்துக்காகத்தான் கல்லூரி மாலை வகுப்புகளையும் நடத்துகிறது.
- வரம்பு: குறைந்தபட்சம் தேர்வு வாரங்களிலாவது.
- மறுப்பு: இரவுக் காவலுக்கும் ஊழியருக்கும் கூடுதல் செலவாகும்.

முதலாண்டு மாணவர் கூற்றையும் சான்றையும் எழுதிவிடுவார். மூன்றாவதை எழுத மாட்டார். அவருக்கு அது சொல்லாமலே விளங்குவதாகத் தோன்றும். வாதம் பெரும்பாலும் அங்கேதான் முறிகிறது. நூலக நிர்வாகி சான்றை மறுக்கப் போவதில்லை. ‘எல்லோருடைய ஓய்வு நேரத்துக்கும் ஏற்பத் திறந்துவைக்க எங்களால் முடியாது’ என்று இணைப்பு விதியைத்தான் மறுப்பார். அந்த விதியை வெளிப்படையாக ஒரு வரியில் எழுதச் சொல்வது, நான் அறிந்தவரையில், வாதக் கட்டுரைக்கு மிக விரைவாகப் பலன் தரும் பயிற்சி.

## கோட்பாடு இரண்டு: எழுதுவது ஒரு செயல்

1963இல் ரிச்சர்ட் பிராடக் உள்ளிட்ட மூவர் அதுவரையிலான எழுத்துக் கல்வி ஆய்வுகளைத் திரட்டிச் சலித்தார்கள். அவர்களின் முடிவு பலருக்குக் கசந்தது. இலக்கண விதிகளைத் தனியாகக் கற்பிப்பதால் எழுத்து மேம்படுவதில்லை. உண்மையில் எழுத வேண்டிய நேரத்தை அது பிடுங்கிக்கொள்வதால் கெடுதலும் செய்யலாம்.

1971இல் ஜேனட் எமிக் பள்ளி இறுதி வகுப்பு மாணவர் 8 பேரை, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வைத்தார். முதலில் திட்டம், பிறகு எழுத்து, கடைசியில் திருத்தம் என்று பாடநூல் சொன்ன நேர்கோடு அங்கே இல்லை. எழுதும்போதே திட்டம் மாறியது. திருத்தும்போது புதிய எண்ணம் பிறந்தது.

வகுப்பறையை மிகவும் மாற்றியது 1980இல் நான்சி சோமர்ஸ் வெளியிட்ட ஆய்வு என்பேன். கல்லூரி மாணவர் 20 பேரும் அனுபவமுள்ள எழுத்தாளர் 20 பேரும் எப்படித் திருத்துகிறார்கள் என்று அவர் ஒப்பிட்டார். மாணவர்களுக்குத் திருத்தம் என்றால் சொல் மாற்றம்: ஒரே சொல் இரண்டு முறை வந்தால் அகராதியில் வேறு சொல் தேடுவது. அனுபவசாலிகளுக்கோ திருத்தம் என்பது தம் வாதம் எந்த உருவத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது. அவர்கள் பத்திகளை வெட்டினார்கள், இடம் மாற்றினார்கள், வாசகராக மாறித் தம்மையே கேள்வி கேட்டார்கள்.

மாணவர்கள் சோம்பேறிகள் என்று இதற்குப் பொருளில்லை. சொல்லைத் தாண்டி எதைத் திருத்துவது, எப்படித் திருத்துவது என்று அவர்களுக்கு யாரும் காட்டியிருக்கவில்லை.

## ஓர் அசைன்மென்ட், ஐந்து வாரம்

நன்றாக நடக்கும் வகுப்பில் ஒரு வாதக் கட்டுரை ஏறத்தாழ இந்த வரிசையில் உருவாகும்.

1. தலைப்புத் தாள். ஒரு பக்கத்துக்கு மிகாது. வாசகர் யார், அவர் இப்போது என்ன நம்புகிறார், படித்து முடித்தபின் என்ன செய்ய வேண்டும், எத்தனை சொற்கள் (பெரும்பாலும் 1,200 முதல் 1,500), எத்தனை மேற்கோள் ஆதாரங்கள், எந்தெந்தத் தேதியில் எந்த வரைவு ஆகியவை அதில் இருக்கும். தலைப்புத் தாள் மங்கலாக இருந்தால் பின்னால் வரும் எதையும் சரிசெய்ய முடியாது.

2. தடையில்லா எழுத்து. 10 நிமிடம், கையை எடுக்காமல், திருத்தாமல் எழுதுவது. பீட்டர் எல்போ 1970களில் பரப்பிய முறை. இதற்கு மதிப்பெண் போட்டால் கெட்டது. மாணவர் உடனே கவனமாக எழுதத் தொடங்கிவிடுவார்.

3. முதல் வரைவு. இரண்டாம் வார முடிவில். எழுத்துப்பிழை பார்க்கக் கூடாது என்று மாணவரிடமே சொல்லிவிடுவார்கள். வெட்டியெறியப்படக்கூடிய பத்தியில் கால்புள்ளியைச் சரிசெய்வது வீண் உழைப்பு. அதைவிட, பளபளப்பாக்கிய வாக்கியத்தை வெட்ட யாருக்கும் மனம் வராது.

4. சக மாணவர் வாசிப்பு. மூவர் குழு, ஒரு கட்டுரைக்கு 20 நிமிடம். பெரும்பாலான வகுப்புகளில் தோற்றுப்போவது இந்தப் படிதான். ‘கருத்துச் சொல்லுங்கள்’ என்று விட்டுவிட்டால் ‘நன்றாக இருக்கிறது, இரண்டு எழுத்துப்பிழை’ என்று முடிந்துவிடும். நண்பரைக் குறைசொல்லத் தயக்கம், என்ன பார்ப்பதென்ற குழப்பம் இரண்டுமே காரணம். தீர்ப்பைத் தடைசெய்து விவரிப்பை மட்டும் கேட்டால் நிலைமை மாறும்: ‘நீ சொல்ல வருவது இதுதான் என்று எடுத்துக்கொண்டேன்’, ‘இந்த வரியில் நின்று மறுபடி படித்தேன்’, ‘அடுத்து இது வரும் என்று எதிர்பார்த்தேன், வேறொன்று வந்தது’. இந்த மூன்றையும் சொல்ல யாருக்கும் தயக்கம் வராது. எழுதியவருக்கு வேண்டிய தகவல் முழுக்க இவற்றில் இருக்கிறது.

5. தலைகீழ்ச் சட்டகம். எழுதி முடித்த வரைவின் ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் இரண்டு வரி: இந்தப் பத்தி என்ன சொல்கிறது, வாதத்துக்கு என்ன செய்கிறது. இரண்டாவது வரி எழுத வராத பத்தியை நீக்க வேண்டும் அல்லது வேறிடத்தில் சேர்க்க வேண்டும். மையக் கூற்று கடைசிப் பத்தியில்தான் முதன்முதலாகத் தெளிவாக வருகிறது என்பதைப் பல மாணவர்கள் இந்தப் படியில் கண்டுகொள்வார்கள். அதை மேலே கொண்டுவந்து மற்றதைத் திரும்ப எழுதுவதே இரண்டாம் வரைவு.

6. ஆசிரியர் கருத்து, நேர்ச் சந்திப்பு. 15 நிமிடம். பேச்சை மாணவர் தொடங்க வேண்டும்.

7. இறுதி வரைவும் விளக்கக் குறிப்பும். எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன், எந்தக் கருத்தை ஏற்கவில்லை என்று ஒரு பக்கம். சொற்பிழை திருத்தம் இங்கேதான், கடைசியில்.

வெளி ஆதாரங்களைக் கையாளும்போது இந்திய மாணவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மூல வாக்கியத்தை எடுத்து நாலைந்து சொற்களை மட்டும் மாற்றி, வாக்கிய அமைப்பை அப்படியே வைத்து எழுதுவதை அங்கே ஒட்டு எழுத்து என்று கருதுகிறார்கள். ஆதாரத்தின் பெயரைக் குறிப்பிட்டிருந்தாலும் அது தவறுதான். ரெபெக்கா மூர் ஹோவர்ட் இதை ஆராய்ந்து, திருடும் எண்ணத்தைவிடப் படித்தது முழுதாகப் பிடிபடாததே இதற்கு முதன்மைக் காரணம் என்று வாதிட்டார். மூலத்தை மூடிவைத்துவிட்டு, படித்ததை ஒருவரிடம் சொல்வதுபோல எழுதி, பிறகு திறந்து சரிபார்ப்பதே இதற்கு மருந்து.

## ஆசிரியர் எழுதும் கருத்து எங்கே தவறுகிறது

1982இல் சோமர்ஸ் ஆசிரியர்களின் ஓரக்குறிப்புகளை ஆராய்ந்தார். ஒரே பத்தியில் ‘இந்த வாக்கியத்தைச் சுருக்கு’ என்றும் ‘இந்தக் கருத்தை விரிவாக்கு’ என்றும் எழுதியிருந்தார்கள். எதை முதலில் செய்வது? மாணவர் எளிதானதைச் செய்துவிட்டுப் போனார். ‘தெளிவில்லை’, ‘குறிப்பாகச் சொல்’ போன்ற குறிப்புகளை எந்தக் கட்டுரையின் ஓரத்திலும் எழுதலாம். அவை இந்தக் கட்டுரையைப் படித்ததற்குச் சாட்சியாகாது.

சரியான நடைமுறை எளிமையானது, கடைப்பிடிப்பதுதான் கடினம். முதல் வரைவில் இரண்டு அல்லது மூன்று கருத்துக்கு மேல் எழுதக் கூடாது. அவை வாதத்தையும் அமைப்பையும் பற்றியவையாக இருக்க வேண்டும். மதிப்பெண் போடக் கூடாது. எண்ணைப் பார்த்தவுடன் கருத்தைப் படிப்பது நின்றுவிடும்.

பிழைகளுக்குத் தனி அணுகுமுறை உண்டு. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970இல் நகரத்தின் உயர்நிலைப்பள்ளி முடித்த அனைவருக்கும் கதவைத் திறந்தபோது, முன்பு கல்லூரியை எட்டிப்பார்த்திராத குடும்பங்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். மினா ஷாநெஸ்ஸி அங்கே அவர்கள் எழுதிய 4,000 அளவிலான நுழைவுக் கட்டுரைகளைப் படித்து, பிழைகள் சிதறிக் கிடப்பவை அல்ல, ஒவ்வொன்றுக்கும் பின்னால் மாணவர் தானாக வகுத்துக்கொண்ட ஒரு விதி இருக்கிறது என்று 1977இல் காட்டினார். எண்ணிக்கையைவிட வகை முக்கியம். 40 பிழையுள்ள தாளில் பெரும்பாலும் நாலைந்து வகைதான் இருக்கும். ஒரு வரைவுக்கு ஒரு வகை என்று எடுத்துக்கொண்டால் மாணவரால் சமாளிக்க முடியும்.

1983இல் ரிச்சர்ட் ஹாஸ்வெல் சொன்ன முறை இன்னும் சிக்கனமானது. பிழையுள்ள வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு குறி மட்டும் போடுவது. என்ன பிழை என்று சொல்வதில்லை. பாதிக்கும் மேற்பட்ட பிழைகளை மாணவர்களே கண்டுபிடித்துத் திருத்திவிட்டார்கள். தெரியாததால் வந்த பிழை எது, கவனமின்மையால் வந்தது எது என்றும் இதனால் பிரிந்துவிடுகிறது. ஆசிரியர் முதல் வகைக்கு மட்டும் நேரம் செலவிடலாம்.

## ஏஐ எதை உடைத்தது

மேலே சொன்ன ஏழு படிகளில் கடைசியில் வரும் தாளை மட்டும் வாங்கி மதிப்பெண் போடும் வகுப்புகள் இன்னும் ஏராளம். அவற்றில்தான் ஏஐ முழுதாகப் புகுந்தது. ஐந்து பத்திக் கட்டுரை (முன்னுரை, மூன்று காரணம், முடிவுரை) போன்ற அச்சுவார்ப்பு வடிவங்களை இயந்திரம் சில நொடிகளில், பிழையின்றி எழுதித் தருகிறது.

கல்லூரிகள் முதலில் நாடியது கண்டறியும் மென்பொருளை. அது ஏன் பயன்படவில்லை?

1. இந்தக் கருவிகளில் பல, அடுத்து வரும் சொல் எவ்வளவு எளிதாக ஊகிக்கத்தக்கது என்பதை அளக்கின்றன. ஊகிக்கத்தக்கதாக இருந்தால் இயந்திர எழுத்து என்று கணிக்கின்றன.

2. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர் பழகிய சொற்களிலும் பாதுகாப்பான வாக்கிய அமைப்பிலும் எழுதுவார். அதுவும் ஊகிக்கத்தக்க எழுத்துதான். 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக மனிதர்கள் எழுதிய 91 கட்டுரைகளை 7 கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றைக் கருவிகள் ஏஐ எழுதியது என்றன. அங்கே படிக்கப் போகும் நம் பிள்ளைகளை நேரடியாகத் தொடும் செய்தி இது.

3. ஓபன்ஏஐ நிறுவனமே வெளியிட்ட கண்டறியும் கருவி ஏஐ எழுத்தில் 26 சதவீதத்தைத்தான் பிடித்தது. மனித எழுத்தில் 9 சதவீதத்தைத் தவறாகப் பிடித்தது. 2023 ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

4. பிழைவிகிதம் சிறிதாக இருந்தாலும் பாதிப்பு பெரிது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் தன்னிடம் ஆண்டுக்கு 75,000 தாள்கள் டர்னிட்டின் என்ற நகல் சோதனை மென்பொருள் வழியாகப் போவதைக் கணக்கிட்டது. 1 சதவீதப் பிழை என்றாலும் 750 தாள்கள்மீது பொய்ப் பழி. 2023 ஆகஸ்டில் அதிலிருந்த ஏஐ கண்டறியும் வசதியை அணைத்துவிட்டார்கள்.

நீல நோட்டுத் தேர்வு நகலைத் தடுக்கும்தான். ஆனால் 50 நிமிடத்தில் கையால் எழுதும் தாளில் திருத்தி எழுத இடமில்லை. முதல் வரைவையே கடைசி வரைவாக மதிப்பிடும் 1885ஆம் ஆண்டு முறைக்கு அது திரும்பிப் போகிறது. வரலாற்றுத் தேர்வுக்கு அது போதும். திருத்தி எழுதுவதைக் கற்பிக்கும் பாடத்துக்குப் போதாது.

மதிப்பெண்ணைச் செயல் முழுவதற்கும் பிரித்துக் கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. எடுத்துக்காட்டாக, இறுதித் தாளுக்கு 40 சதவீதம், வரைவுகளுக்கிடையே நடந்த மாற்றத்துக்கு 30, சக மாணவருக்கு எழுதிய கருத்துக்கு 15, விளக்கக் குறிப்புக்கும் நேர்ச் சந்திப்புக்கும் 15. வரைவுகளையும் குறிப்புகளையும் ஏஐயால் போலியாகச் செய்ய முடியாதா? முடியும். ஆனால் தன் வரைவை முன்னால் வைத்துக்கொண்டு ‘இந்தப் பத்தியை ஏன் மேலே கொண்டுவந்தாய்?’ என்ற கேள்விக்கு 15 நிமிடம் பதில் சொல்வது, எழுதாதவருக்கு மிகக் கடினம். மாணவர் பக்கத்திலும் ஒரு பாதுகாப்பு வேண்டும்: திருத்த வரலாற்றைச் சேமிக்கும் கூகுள் டாக்ஸ் போன்ற இடத்தில் தொடக்கம் முதல் எழுதுவது. பொய்ப் பழி வந்தால் கையிலிருக்கும் சிறந்த சான்று அதுதான்.

## இதற்கு ஆகும் நேரம்

வழி தெரிந்தும் பல கல்லூரிகள் இதைச் செய்யாததற்குக் காரணம் நேரம். எழுத்து ஆசிரியர்களின் தேசிய அமைப்பான சி.சி.சி.சி. (1949இல் தொடங்கியது) வகுப்புக்கு 20 பேருக்கு மேல் கூடாது, 15 பேர் இருந்தால் நல்லது, ஓர் ஆசிரியருக்கு ஒரு பருவத்தில் 60 மாணவர்களுக்கு மேல் கூடாது என்று பரிந்துரைத்திருக்கிறது. நடைமுறையில் ஓர் ஆசிரியர் 25 பேர் கொண்ட 4 வகுப்புகளை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 100 மாணவர். ஒரு வரைவைப் படித்துக் கருத்து எழுத 20 நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு 33 மணி நேரத்துக்கு மேல். ஒரு கட்டுரைக்கு இரண்டு சுற்று, செமஸ்டருக்கு 4 கட்டுரை: 266 மணி நேரம். ஒவ்வொரு கட்டுரைக்கும் 15 நிமிடச் சந்திப்பு வைத்தால் இன்னும் 100 மணி நேரம். 60 மாணவர் என்றால் மொத்தம் 220 மணி நேரத்தில் முடியும்.

இந்தப் பாடத்தை நடத்துபவர்களில் பெரும்பங்கினர் முனைவர் பட்ட மாணவர்களும் பகுதிநேர ஆசிரியர்களும். பகுதிநேர ஆசிரியருக்குச் சம்பளம் பொதுவாக வகுப்புக் கணக்கில்தான். மாணவரின் இரண்டாவது வரைவை அவர் படித்தாலும் படிக்காவிட்டாலும் தொகை ஒன்றே. கண்டறியும் மென்பொருளுக்கு நிதி ஒதுக்கும் நிர்வாகம், அதே நிதியில் வகுப்பில் ஐந்து பேரைக் குறைத்து, நேர்ச் சந்திப்பு மணிகளைச் சம்பளக் கணக்கில் சேர்க்கிறதா என்று பெற்றோரும் மாணவரும் கேட்கலாம். சேர்க்கை முடிவெடுக்கும் முன்பே கேட்கத்தக்க கேள்விகள் இரண்டு: எழுத்து வகுப்பில் எத்தனை பேர், ஒரு கட்டுரைக்கு எத்தனை வரைவை ஆசிரியர் படிக்கிறார்.